மம்பட்டியைக் குத்தி வைக்காத மனிதர்

காட்டுமன்னார்கோயில் பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கிறது கதிர்வேல் டீக்கடை. காலை ஒன்பது மணிக்கு அங்கே ஒருவர் தோளில் மம்பட்டியோடு வருவார். அதைச் சுவரில் சாய்க்க மாட்டார், வெளியே மரத்தடியிலும் போட மாட்டார். பெஞ்சில் உட்கார்ந்து, காம்பை இரண்டு முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டுதான் டீயைக் கையில் வாங்குவார்.

"என்னா மாமா, மம்பட்டிக்கும் ஒரு டீ போடவா?" என்பார் கதிர்வேல்.

"அதுக்குச் சக்கரை ஆவாது. எனக்கு மட்டும் போடு."

இந்தப் பேச்சு தினமும் நடக்கும். கேட்பவருக்கும் அலுக்கவில்லை, பதில் சொல்பவருக்கும் அலுக்கவில்லை. ஒருமுறை அவர் அப்படியே வங்கிக்குள் போய்விட்டார். வாசலில் இருந்த காவலாளி பதறிப்போய், "பாய், இது பேங்கு" என்று தடுத்தார். "தெரியும்பா. பாஸ்புக் போடத்தான் வந்தேன், செவுத்தத் தோண்ட வரல" என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றுகொண்டார்.

அவர் பெயர் அப்துல் வதூது. வயது நாற்பத்தொன்று. வீராணம் ஏரியில் லஸ்கர் வேலை. மதகைத் திறப்பது, மூடுவது, வாய்க்காலில் சேரும் அடைப்பை வெட்டி எடுப்பது எல்லாம் லஸ்கரின் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் வாய்க்கால் வேலை பார்க்கிற எவரும் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு வருவதில்லை. வரப்பில் ஒரு குத்துக் குத்தி நிற்க வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். சாப்பிட்டு, தூங்கி, மறுநாள் காலையில் போனாலும் அது அங்கேயே நிற்கும். குத்தி வைத்த மம்பட்டி என்றால் ஆள் திரும்பி வரப்போகிறான் என்று அர்த்தம். அதை யாரும் தொடமாட்டார்கள்.

வதூது மட்டும் குத்தி வைப்பதில்லை. பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்த ஒழுங்கு என்று ஊரில் நினைக்கிறார்கள். வீட்டில் அவர் மனைவி சாய்ராவுக்கு அது வெறும் தொல்லையாக இருந்தது. "அந்தச் சேத்து மம்பட்டிய வாசப்படிக்கு இந்தப் பக்கம் கொண்டாராதீங்க" என்று பல வருஷம் சண்டை போட்டிருக்கிறார். வதூது வாசல் கிரில்லோடு சேர்த்துச் சங்கிலி போட்டு அதைப் பூட்டிவிட்டு உள்ளே போவார். மம்பட்டிக்குப் பூட்டுப் போட்ட வீடு எங்கள் தாலுகாவிலேயே அது ஒன்றுதான்.

இதற்கெல்லாம் காரணம் எட்டு வருஷத்துக்கு முந்திய ஒரு சாயங்காலம். அன்றைக்கு அவரால் மூன்று பேர் உயிர் பிழைத்தார்கள். அதே சாயங்காலத்தால் அவருடைய பதின்மூன்று வருஷ வேலை போகப் பார்த்தது. வதூது இதைச் சொன்னால் நாலு வாக்கியத்தில் முடித்துவிடுவார். மீதியை எனக்குச் சொன்னது அருண்பாண்டியன். அப்போது அதே படைப்பிரிவில் அவரோடு இருந்தவர். இப்போது சிதம்பரம் தெற்கு வீதியில் செல்போன் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய், அண்ணாமலை நகரில் மூன்று வருஷம் வரலாறு படித்தவன் நான். எத்தனையோ போர்களுக்குத் தேதி எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறவரின் கதையை எழுத இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

வதூது பிறந்தது ஏரிக்கரையை ஒட்டிய தெருவில். அவருடைய அத்தாவுக்குக் குத்தகை நிலம் ஒன்றரை காணி. அந்தத் தெருவில் பையன்கள் பன்னிரண்டாவது முடித்ததும் பாஸ்போர்ட் எடுப்பார்கள். துபாய், குவைத், சிங்கப்பூர், மலேசியா. வதூதும் எடுத்தார். தாய்மாமன் விசா அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அந்த இடைவெளியில் கடலூரில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஸ்ரீமுஷ்ணத்துக்காரரான செம்பியன் என்ற கூட்டாளிக்கு அதில் சேர வேண்டும் என்று ஆசை. துணைக்கு இவர் போனார். போன இடத்தில் சும்மா நிற்பானேன் என்று ஓடியும் பார்த்தார். செம்பியனுக்கு மார்பளவு போதவில்லை. துணைக்குப் போனவரை எடுத்துக்கொண்டார்கள்.

அவருடைய அம்மா சைதுன் பீவிக்கு இது நெடுநாள் குறை. "எல்லா வூட்டுப் புள்ளையும் வெளிநாடு போவுது. இது மட்டும் உள்நாட்டுலயே நிக்குது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். காஷ்மீரும் அஸ்ஸாமும் அந்தத் தெருவில் ஒரு கணக்கில் சேரவில்லை.

பதின்மூன்றாவது வருஷத்தில் அவருடைய பட்டாலியனை ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் படைக்கு அனுப்பினார்கள். ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. வதூது லீவில் வந்து விஷயத்தைச் சொன்னதும் தெருவே சந்தோஷப்பட்டது. எந்த நாடு என்று ஒருவரும் கேட்கவில்லை. டார்ச் லைட், கம்பளி, கோடாரித் தைலம், அத்தர் என்று ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். "அங்க வெயில் எப்படிடா?" என்று மட்டும் அம்மா கேட்டார். "துபாய் மாதிரிதாம்மா" என்றார் இவர்.

சாய்ராவிடம் தனக்கு ஏசி போட்ட ஸ்டோர் ரூமில் வேலை என்று சொல்லியிருந்தார். வாரம் ஒருமுறை இமோவில் முகம் பார்த்துப் பேசுவார்கள்.

"ஏசி ரூமுல எதுக்குங்க மண்ணு மூட்டை அடுக்கி வச்சிருக்கு?"

"அது வெயில் உள்ள வராம இருக்க."

"ஜன்னல் இல்லையா அந்த ரூமுல?"

"நெட்டு விட்டு விட்டு வருது, அப்பறம் கூப்புடுறேன்."

உண்மையில் அவர்களுடைய வேலை, சாப்பாடும் மருந்தும் ஏற்றிய லாரிகளுக்கு முன்னும் பின்னும் காவல் போவது. அந்த நாட்டில் ஒரு பெரிய ஆறு சமவெளியில் பரவி, பல மைல் சதுப்பாகக் கிடக்கிறது. அதன் நடுவே உயர்த்திப் போட்ட ஒரு மண் சாலை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கோரை. முதல் நாள் அந்தச் சாலையில் போனபோது, "என்னா மாமா, நம்ம ஏரிக்கரை மாதிரியே இருக்கு?" என்று அருண்பாண்டியன் கேட்டிருக்கிறார். அவருக்குப் புவனகிரி பக்கம். வயதில் ஆறு வருஷம் இளையவர். எங்கள் மாவட்டத்துக்காரர்கள் சாதி, மதம் பார்க்காமல் மாமா, மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வதை அந்தப் பட்டாலியனில் மற்றவர்கள் வேடிக்கையாகப் பார்ப்பார்கள்.

அன்று மாலை நாலு மணி இருக்கும். லாரிகளோடு அந்தச் சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்த முகாமுக்கு மருந்து கொண்டுபோன ஹெலிகாப்டர் ஒன்று தலைக்கு மேல் தாழ்வாகக் கடந்தது. தூரத்து மரக்கூட்டத்திலிருந்து சுடும் சத்தம் கேட்டது. ஹெலிகாப்டரின் வாலில் புகை கிளம்பியது. அது ஒரு சுற்றுச் சுற்றி, சாலையிலிருந்து இருநூற்றைம்பது மீட்டர் தள்ளிக் கோரைக்குள் விழுந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே மூன்று பேர். மூவரும் கிர்கிஸ்தான்காரர்கள், வாடகை ஹெலிகாப்டரோடு வந்த சிவிலியன்கள். கையில் ஆயுதம் கிடையாது.

மரக்கூட்டத்தில் இருந்தவர்கள் சுடுவதை நிறுத்தவில்லை. இப்போது அவர்களுக்கு இரண்டு குறி, விழுந்த ஹெலிகாப்டரும் சாலையில் நின்ற வண்டிகளும்.

காவலுக்குத் தலைவர் கேப்டன் சித்தார்த். டேராடூன்காரர். ஜவான்களிடம் பேசிப் பேசித் தமிழ் கற்றவர். கவச வண்டியைச் சாலையிலிருந்து இறக்கச் சொன்னார். முன்பக்கம் சேற்றில் இறங்கியதுமே மூக்கைப் புதைத்துக்கொண்டது, பின்னால் இழுத்து ஏற்ற வேண்டியதாயிற்று. இரண்டு ஜவான்கள் நடந்து பார்த்தார்கள். பத்தாவது அடியில் இடுப்பு வரை போய்விட்டார்கள். படகு வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றது முகாம். ஹெலிகாப்டரின் கதவு வழியாக ஒரு கை அசைந்துகொண்டிருந்தது. காற்றில் எரிபொருள் வாடை வந்தது.

வதூது சாலை ஓரத்தில் படுத்தபடி கோரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊர்ந்து கேப்டனிடம் போனார்.

"சார், நான் போறேன்."

"வதூது, நீ வெயிட் ஜாஸ்தி. நீ போனா சீக்கிரம் முழுகுது."

"நடந்தாத்தான் சார் முழுவும். படுத்தா முழுவாது. எங்க ஏரியில சேத்துல மாடு மாட்டிக்கும். நாங்க இப்படித்தான் போயி புடிச்சிக்கிட்டு வருவோம்."

"சுடுறான், தெரியுதா?"

"தெரியுது சார். கோரைக்குள்ள படுத்துக்கிட்டா அவனுக்குத் தெரியாது."

கேப்டன் ஹெலிகாப்டரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "போ" என்றார்.

லாரியிலிருந்து வதூது ஒரு தார்ப்பாயை உருவினார். தை மாதம் அறுப்புச் சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால், எங்கள் வயல்களில் அறுத்த கட்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. தார்ப்பாயில் போட்டுத் தண்ணீர் மேல் இழுத்துத்தான் கரை சேர்ப்பார்கள். அதைத்தான் அவர் நினைத்துக்கொண்டார். துப்பாக்கியை முதுகில் குறுக்காக மாட்டி, கோரையைக் கை நிறைய அணைத்து அணைத்து முன்னால் சாய்த்து, அதன் மேல் வயிற்றால் ஊர்ந்தார்.

"மாமா, நானும் வர்றேன்" என்றார் அருண்பாண்டியன்.

"நீ இங்கேர்ந்து சுடு. உன் சத்தம் விடாம என் காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும். நின்னுச்சுன்னா நான் திரும்பிப் பாப்பேன். அதுல நேரம் போவும்."

அந்த ஒரு மணி நேரத்தில் தான் எத்தனை மேகசின் மாற்றினோம் என்பது அருண்பாண்டியனுக்கு நினைவில்லை. கோரை நுனிகள் அசைவதை மட்டும் பார்த்தபடி, அதற்கு மேலாக மரக்கூட்டத்தைப் பார்த்துச் சுட்டுக்கொண்டே இருந்தாராம்.

முதல் நடையில் வதூது துணை விமானியைக் கொண்டுவந்தார். அவருக்குத் தலையில் அடி, நினைவில்லை. தார்ப்பாயில் கிடத்தி, நுனியை இடுப்பில் கட்டி இழுத்து வந்தார். இரண்டாவது நடையில் விமானி. ஒரு கை உடைந்திருந்தாலும் மறு கையால் அவரும் கோரையைப் பிடித்து உந்தினார். மூன்றாமவர் இன்ஜினியர், ருஸ்லான் என்று பெயர். அவருடைய கால் மருந்துப் பெட்டிகளுக்கு அடியில் மாட்டியிருந்தது. முதல் இரண்டு நடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டிகளை நகர்த்தி வைத்துவிட்டு, பத்து விரலைக் காட்டிப் பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார் வதூது. மூன்றாவது முறை போய்க் காலை விடுவித்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக இருந்தது.

ருஸ்லான் நல்ல கனத்த உடம்புக்காரர். அவரைக் கிடத்திப் பாதி தூரம் இழுத்ததும் தார்ப்பாய் நீளவாக்கில் கிழிந்துவிட்டது. இனி முதுகில் ஏற்றிக்கொண்டு ஊர்வதைத் தவிர வழியில்லை. முதுகில் துப்பாக்கி இருந்தது. அதைக் கழற்றி முன்னால் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு அசைவுக்கும் அது கோரையில் போய்ச் சிக்கியது. மேலே தோட்டா போய்க்கொண்டிருக்கிறது, பக்கத்தில் ஆள் வலியில் முனகுகிறார்.

வதூது மேகசினைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து, கோரை வேருக்குள் அழுத்திக் குத்தி நிறுத்தினார். திரும்பி வரும்போது தெரியட்டும் என்று கழுத்தில் இருந்த அமைதிப் படை நீலத் துணியை அவிழ்த்து, மேலே நின்ற அதன் பின்கட்டையில் ஒரு முடிச்சுப் போட்டார்.

"யோசிச்சா தம்பி செஞ்சேன்? கை பாட்டுக்குச் செஞ்சிடுச்சு. வரப்புல மம்பட்டிய குத்திட்டு, நெல்லுக்கட்டத் தூக்கிக்கிட்டு வர்ற மாதிரி" என்று அவர் என்னிடம் சொன்னது இந்த இடத்தைப் பற்றித்தான்.

நெல் மூட்டை தூக்குகிறவர் போல ஒவ்வொரு உந்தலுக்கும் "பிஸ்மில்லா" என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் முதுகில் இருந்தவரும் கூடச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தாராம். இரண்டு பேருக்கும் பொதுவாகத் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான்.

சாலைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அருண்பாண்டியன் கையைக் கொடுத்து இழுத்தார். மூன்று பேரையும் வண்டியில் ஏற்றினார்கள். வதூது மறுபடியும் சேற்றுப் பக்கம் திரும்பினார்.

"எங்கே போறே?" என்றார் கேப்டன்.

"சார், என் ரைபிள். அங்க குத்தி வச்சிருக்கேன். எடுத்துக்கிட்டு வந்துடுறேன்."

கேப்டன் எதிரே பார்த்தார். மரக்கூட்டத்தில் இப்போது ஆட்கள் கூடியிருந்தார்கள். வண்டியில் மூன்று பேருக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. "ஏறு வண்டியிலே. இது ஆர்டர்" என்றார்.

ராணுவத்தில் காலை இழந்தால் செயற்கைக் கால் கொடுப்பார்கள். துப்பாக்கியை இழந்தால் அப்படி இல்லை. எங்கே, எப்படி, ஏன் என்று விசாரணை மன்றம் உட்காரும். அதுவும் வேற்று நாட்டில், சுடுகிறவர்கள் சுற்றியிருக்கிற இடத்தில் விட்டுவிட்டு வந்த துப்பாக்கி. நாளைக்கு அது நம் ஆட்களை நோக்கியே திரும்பலாம். வேலை போகும், சிறைக்கும் அனுப்பலாம்.

மறுநாள் காலை படகில் பன்னிரண்டு பேர் போய்த் தேடினார்கள். ஹெலிகாப்டர் கிடந்தது, மருந்துப் பெட்டிகள் கிடந்தன. துப்பாக்கி இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வதூது அப்போது முகாம் மருத்துவமனையில் இருந்தார். கோரை அறுத்த உடம்பு முழுக்க வீங்கி, காய்ச்சல் கண்டிருந்தது.

அங்கே படுத்துக்கொண்டு அவர் நினைத்ததெல்லாம் தன் தெருவைப் பற்றித்தான். வெளிநாடு போனவன் ஒப்பந்தம் முடியாமல் பாதியில் திரும்பினால், எங்கள் பக்கத்தில் 'கேன்சலில் வந்துட்டான்' என்பார்கள். என்ன நடந்தது என்று யாரும் நேரில் கேட்க மாட்டார்கள். கேன்சல் என்ற ஒரு சொல் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'வதூது பட்டாளத்துலேர்ந்து கேன்சல்ல வந்துட்டானாம்.' அதைக் கேட்டுக்கொண்டு அம்மா எப்படிக் கடைத்தெருவுக்குப் போவார்? சாய்ராவிடம் என்ன சொல்வது? ஏசி ரூமில் துப்பாக்கி தொலைந்தது என்றா?

விசாரணை மூன்றாம் நாள். தகரக் கொட்டகையில் ஒரு நீளமான மேஜை, அதற்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் ஒரு லெப்டினன்ட் கர்னல். அவரும் தமிழ் தெரிந்தவர்தான். முதலில் அருண்பாண்டியனைக் கூப்பிட்டார்கள்.

"மாமா மேல தப்பில்ல சார். மாமாவுக்கு ரெண்டு கையும் வேணும்..."

கர்னல் பேனாவைக் கீழே வைத்தார். "இவர் உன் தாய்மாமனா?"

"இல்ல சார். சும்மா மாமான்னு கூப்புடுறது."

"உறவு இல்லையா?"

"உறவெல்லாம் இல்ல சார். எங்க ஊருல எல்லாரும் எல்லாருக்கும் மாமாதான்."

"என்னை அப்படிக் கூப்பிடுவியா?"

அருண்பாண்டியன் விறைப்பாக நின்று, "பழகுனா கூப்புடுவேன் சார்" என்றார். பக்கத்திலிருந்த அதிகாரி இருமினார். ஆனாலும் அந்தச் சாட்சியத்தின் ஓரத்தில் கர்னல் ஒரு கேள்விக்குறி போட்டதை அருண்பாண்டியன் பார்த்துவிட்டார். உண்மையைச் சொல்லியும் உறவுக்காரன் சாட்சி ஆகிவிட்டதே என்று அவர் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறார்.

அடுத்து வதூது. ஏன் விட்டாய் என்று கேட்டார் கர்னல். இவர் மம்பட்டியைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"உங்கள் ஊரில் குத்தி வைத்த மண்வெட்டி திருடு போகாதா?"

"போவாது சார்."

"ஒருமுறைகூட?"

வதூது யோசித்தார். "ஒரு தடவ போச்சு சார். மறுநாள் அவனே கொண்டாந்து வச்சிட்டான்."

கர்னல் சிரிக்கவில்லை. "இது உங்கள் ஊர் இல்லை" என்று சொல்லிவிட்டு, வானத்திலிருந்து எடுத்த ஒரு படத்தை மேஜையில் விரித்தார். சம்பவத்துக்கு மறுநாள் எடுத்தது. ஒரு ஓரத்தில் சாலை, இன்னொரு பக்கம் சாய்ந்து கிடக்கும் ஹெலிகாப்டர். "எந்த இடத்தில் குத்தி வைத்தாய்? விரலை வைத்துக் காட்டு."

வதூது குனிந்தார். விரலை நீட்டியவர் வைக்காமல் நிறுத்திக்கொண்டார். படத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"சார், கோரை எங்க?"

"என்ன?"

"நான் மூணு தடவ போயி வந்த கோரை சார். இங்கேர்ந்து இங்க வரைக்கும் கோரைதான் இருந்துச்சு. இதுல வெறும் தண்ணியா இருக்குதே?"

மூன்று அதிகாரிகளும் குனிந்து பார்த்தார்கள். சாலைக்கும் ஹெலிகாப்டருக்கும் நடுவில் அகலமான, வெறும் தண்ணீர்.

வதூதுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. ஊர்ந்து போனபோது அடியில் லேசாகத் தொட்டில் போல ஆடியது நினைவுக்கு வந்தது. வேர் ஊன்றிய கோரை ஆடாது. அவர் போய் வந்தது மிதக்கிற கோரையின் மேல். ஒன்றோடொன்று வேர் பின்னி, மெத்தை போலத் தண்ணீரில் கிடக்கும். எங்கள் வீராணத்தில் ஆகாயத்தாமரை அப்படித்தான். ஆடி மாதம் மேல்காற்று அடித்தால் ராத்திரியோடு ராத்திரியாக மேற்கே இருக்கிற கூட்டமெல்லாம் கிழக்குக் கரைக்கு வந்து மதகை அடைத்துக்கொள்ளும்.

"என் தப்புதான் சார்" என்றார். "ஏரிக்கரையில பொறந்தவன் நான். மெதக்குறது எது, ஊனுனது எதுன்னு பாக்காம குத்திட்டேன். ரைபிள யாரும் எடுக்கல சார். கோரையோட போயிருக்கு."

"எங்கே?"

"அன்னைக்கு ஹெலிகாப்டர் பொகை தெக்கால சாஞ்சிச்சு. மூணு நாளா அதே காத்துதான். தெக்காலதான் சார் போயிருக்கும். எனக்கு ஒரு நாள் படகு குடுங்க."

கர்னல் மற்ற இருவரையும் பார்த்தார். விசாரணை அறிக்கை மறுநாள் மாலை மேலே போக வேண்டும். "நாளை மாலை நாலு மணி. அதற்கு மேல் நான் காத்திருக்க முடியாது" என்றார்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். காவலோடு இரண்டு படகு. முன்னதில் கேப்டன் சித்தார்த், வதூது, அருண்பாண்டியன். தெற்கே இரண்டு மைலில் ஆறு ஒரு வளைவு திரும்புகிறது. அங்கே போய்ப் பார்த்தால் கோரைத் திட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று மோதி, கண்ணுக்கெட்டிய வரை பச்சையாக நின்றன. எல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம்.

"மாமா, இதுல நீலத் துணிய எப்படித் தேடுறது?" என்றார் அருண்பாண்டியன்.

"துணியத் தேடாத. பழுப்பத் தேடு."

"என்னா பழுப்பு?"

"நான் படுத்துப் போன எடத்துல கோரை ஒடிஞ்சிருக்கும்ல? நாலு நாள் வெயில்ல காஞ்சிருக்கும். பச்சையில பழுப்பாக் கோடு போட்ட மாதிரி தெரியும். ஏறி நின்னு பாரு."

பன்னிரண்டு மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. கேப்டன் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினார். வதூது வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். திட்டு திட்டாகப் படகைச் சுற்றினார்கள். இரண்டு மணி சுமாருக்கு வதூதே படகின் முனையில் எழுந்து நின்றார். கையை மட்டும் நீட்டினார்.

பெரிய திட்டு ஒன்றின் நடுவில், வகிடு எடுத்தது போல ஒரு பழுப்புக் கோடு. கொஞ்சம் கோணலாக, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் போயிற்று.

படகை ஒட்டி நிறுத்தினார்கள். வதூது தன் பழைய தடத்திலேயே ஊர்ந்து போனார். பாதி தூரத்தில் அது நின்றுகொண்டிருந்தது. குத்திய கோணத்திலேயே, அசையாமல். நீலத் துணி வெளுத்துப் போயிருந்தது. கட்டையின் மேல் ஒரு தட்டான் உட்கார்ந்திருந்தது. அவர் அதை விரட்டவில்லை. அது தானாக எழுந்து போகும் வரைக்கும் பக்கத்தில் படுத்திருந்தார். பிறகு இரண்டு கையாலும் துப்பாக்கியை உருவி எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"என்னா மாமா, கண்ணு செவந்துருக்கு?"

"கோரைச் சொணை பட்டிருக்கும்."

கேப்டன் துப்பாக்கியை வாங்கி அதில் பொறித்த எண்ணைச் சரிபார்த்தார். சேறு அப்பிய குழலைத் தன் கைக்குட்டையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். மூன்றரை மணிக்குக் கர்னல் மேஜையில் அது இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததில் சுவாரசியம் இல்லை. கேப்டன் வதூதின் பெயரைப் பதக்கத்துக்கு எழுதி அனுப்பினார். துப்பாக்கியை விட்டு வந்ததற்கான எச்சரிக்கையும் அதே வாரம் போயிற்று. இரண்டு காகிதமும் மேலே எங்கோ ஒரு மேஜையில் சந்தித்து, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. பதக்கமும் வரவில்லை, தண்டனையும் வரவில்லை. தளபதியின் பாராட்டு அட்டை ஒன்று வந்தது. வதூது மிச்ச நாளையும் முடித்து, டார்ச் லைட்டும் தைலமும் அத்தரும் வாங்கிக்கொண்டு ஊர் வந்தார். சீட்டுக் கொடுத்த எவரும் ஏமாறவில்லை. நாலு வருஷம் கழித்து ஹவில்தாராக ஓய்வு பெற்று, லஸ்கர் வேலைக்கு வந்தார். வீட்டில் மட்டும் அதற்கப்புறமும் அது ஏசி ரூம்தான்.

சாய்ராவுக்கு விஷயம் தெரிந்தது போன பக்ரீத் அன்று. சிதம்பரத்திலிருந்து பிரியாணிக்கு வந்திருந்த அருண்பாண்டியன், சாப்பிட்டுக்கொண்டே, "அக்கா, அந்த ஹெலிகாப்டர்காரன் ருஸ்லான், மாமாவுக்குப் பெருநாள் வாழ்த்து அனுப்புனானா?" என்று கேட்டுவிட்டார்.

"எந்த ஹெலிகாப்டர்காரன்?"

அருண்பாண்டியன் வதூதைப் பார்த்தார். வதூது தட்டைப் பார்த்தார். இனி மறைக்க முடியாது என்று தெரிந்ததும் அருண்பாண்டியன் முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னார். கோரை, தார்ப்பாய், குத்தி வைத்தது, மிதந்து போனது, பழுப்புக் கோடு எல்லாம். சாய்ரா கையில் கரண்டியோடு நின்றபடியே கேட்டார். நடுவில் ஒரே ஒரு தடவை, "ஏசி ரூமு" என்று மட்டும் சொன்னார். முடிந்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்த ஆளுக்குக் கால் சரியாயிடுச்சா?" என்றார் பிறகு.

வதூது போனை எடுத்துக் காட்டினார். பனி மூடிய ஒரு தெருவில், கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒரு கனத்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். சாய்ரா படத்தைப் பெரிதாக்கி, முகத்தை விட்டுவிட்டு, காலையே வெகுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் கால தாங்குறாப்புலதான் நிக்கிறாரு" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் மாலை வதூது வேலை முடிந்து வந்து, வழக்கம் போலக் கிரில் பக்கத்தில் நின்று சங்கிலியை எடுத்தார். சாய்ரா உள்ளேயிருந்து வந்து அவர் கையிலிருந்த மம்பட்டியை வாங்கினார். குழாயடியில் சேற்றைக் கழுவினார். முந்தானையால் அதன் இரும்பு இலையைத் துடைத்து, வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் நிறுத்தினார்.

அன்றிலிருந்து அந்தச் சங்கிலி சும்மாதான் தொங்குகிறது.